மிதந்து வந்த துணுக்கு

செசிலியா: அண்ணே, இந்தக் கோழி என் சேலையைக் கொத்துது.

கிளாரன்ஸ்: கொத்தட்டும். ரெண்டாம் கிளாஸ் டிக்கெட்டை வச்சுக்கிட்டு கார்டு வேன்ல ஏறினா கோழி கொத்தாம மேளமா கொட்டும்?

செசிலியா: நீதானே கூப்பிட்டே! பிளாட்பாரத்துல சிவனேன்னு நின்னவளைக் கையைப் பிடிச்சு இழுத்து—

கிளாரன்ஸ்: பின்னே? சனிக்கிழமை மத்தியானம். என் கூடப் பொறந்த தங்கச்சி, டாக்டர் செசிலியா. கையில மரப்பெட்டி, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். தனியா கிள்ளானுக்கு டிக்கெட் எடுக்குது. நான் பாட்டுக்கு விசிலை ஊதிட்டுப் போயிடுவேனா?

செசிலியா: கண்ணு அவ்வளவு சிவப்பாவா இருக்கு?

கிளாரன்ஸ்: இல்லை, பச்சைக் கொடி மாதிரி இருக்கு. நகரு இந்தப் பக்கம். அந்தக் கூடை மீன்காரியோடது, தண்ணி சொட்டும். பெட்டியைக் கீழே வையேன்.

செசிலியா: மாட்டேன். மடியிலயே இருக்கட்டும்.

கிளாரன்ஸ்: உள்ளே என்ன, பவுனா?

செசிலியா: கண்ணாடி... பதினாலு கண்ணாடித் துண்டு. ஸ்லைடு.

கிளாரன்ஸ்: லேபரட்டரி சாமானா? அதெல்லாம் கவர்ல போட்டு ஏழு மணி வண்டியில என் தலையிலதானே கட்டுவீங்க. கிள்ளான் ஸ்டேசன்ல ஆஸ்பத்திரிப் பியூன் நிப்பான், நான் குடுப்பேன். இன்னிக்கு என்ன, டாக்டரம்மாவே சுமக்குது?

செசிலியா: இன்னிக்குக் காலையிலயும் ஒரு கவர் வந்திருக்குமே... குடுத்தியா?

கிளாரன்ஸ்: ...குடுக்காம? கவர்மெண்ட் கவர்லா. கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தேன்.

செசிலியா: குடுத்துட்டே... சரி. இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிள்ளான் போகும்?

கிளாரன்ஸ்: மூணே முக்கால். மழை இப்படியே தூறலா இருந்தா.

செசிலியா: வலுத்தா?

கிளாரன்ஸ்: வலுத்தா நனைஞ்சுக்கிட்டே போகும். ரயிலுக்குச் சளியா பிடிக்கப் போகுது?

செசிலியா: விளையாடாதேண்ணே. அஞ்சு மணிக்குள்ளே நான் ஆஸ்பத்திரியில நிக்கணும். அஞ்சு மணிக்கு ஆப்பரேசன்.

கிளாரன்ஸ்: யாருக்கு?

செசிலியா: ...ஒரு பொண்ணுக்கு.

கிளாரன்ஸ்: எந்தப் பொண்ணு?

செசிலியா: பேரைச் சொல்லக் கூடாது. நோயாளி பேரு வாசலைத் தாண்டக் கூடாதுன்னு எங்க லேபரட்டரிப் பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிட்டாரு.

கிளாரன்ஸ்: கார்டு வேனுக்கு வாசலே இல்லையே. ரெண்டு பக்கமும் திறந்துதானே கிடக்கு.

செசிலியா: அண்ணே!

கிளாரன்ஸ்: சரி, சொல்லாதே. நான் ஒண்ணும் கேட்கலை... என்ன எடுக்கப் போறாங்க அந்தப் பொண்ணுக்கு?

செசிலியா: கேட்கலைன்னியே.

கிளாரன்ஸ்: பேரைத்தான் கேட்கலை.

செசிலியா: மார்பு. ஒரு பக்கம் முழுசா... அக்குள் வரைக்கும்.

கிளாரன்ஸ்: ...மாதாவே.

செசிலியா: இருபத்திரெண்டு வயசுண்ணே. அங்க ஆப்பரேசன் பண்ற வெள்ளைக்கார டாக்டர் திங்கக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம்ல கப்பல் ஏறுறாரு. ஆறு மாசம் லீவு. போறதுக்குள்ளே முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும்னு இன்னிக்கே வச்சிட்டாரு. நல்ல மனுசர்தான். அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

கிளாரன்ஸ்: நீ போயி என்ன செய்யப் போறே? உன் வேலை லேபரட்டரியில குழாய் வழியா எட்டிப் பாக்கிறதோட முடிஞ்சுதே.

செசிலியா: முடியலை. அதைச் சொல்லத்தான்—

கிளாரன்ஸ்: இரு, பெட்டாலிங் வந்திருச்சு. கொடி காட்டிட்டு வந்திடறேன். அந்தக் கோழிக்கூண்டைக் காலால முட்டுக் குடுத்துப் பிடி, வண்டி குலுங்கும்.

செசிலியா: சீக்கிரம்!

கிளாரன்ஸ்: ...ம், வந்துட்டேன். சட்டையெல்லாம் போச்சு. ஏறினது ரெண்டே பேரு, ஒரு வாழைத்தாரு. நீ ஏன் பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருக்கே?

செசிலியா: குலுங்கிச்சே.

கிளாரன்ஸ்: செசி... ஒண்ணு கேட்கட்டா? வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டேங்கிறே. நாள் பூரா அங்க என்னதான் பண்றே? எட்டு மாசமா கேட்கிறேன், சதையைச் சீவறேன், சதையைச் சீவறேன்னு சொல்லி என் சோத்தைக் கெடுக்கிறியே தவிர...

செசிலியா: சொன்னா சிரிப்பே.

கிளாரன்ஸ்: சிரிக்கலை. சிரிக்கிற மாதிரியா இருக்கேன்?

செசிலியா: ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்த சதை சின்னப் புட்டியில ஊறிக்கிட்டு வரும். அதை உருக்கின மெழுகுல போட்டு ஊற வச்சுக் கட்டியா உறைய வைப்போம். சவுக்காரக் கட்டி மாதிரி இறுகிடும். அப்புறம் கத்தி மிஷின். கையால சக்கரத்தைச் சுத்தச் சுத்த நாடா நாடாவா வரும். அவ்வளவு மெல்லிசு... மூச்சு விட்டாப் பறந்துடும். நாகையா அண்ணன் சீவும்போது தும்மலைக்கூட அடக்கிக்குவாரு.

கிளாரன்ஸ்: யாரு, அட்டெண்டரா? தீபாவளிக்கு நமக்கு முறுக்கு குடுத்தனுப்பினாரே?

செசிலியா: அவரேதான். அவருதான் வெந்நீர் வச்சுக் குடுப்பாரு, ஒரு தட்டுல. ரொம்பச் சூடு இல்லை, கை வைக்கிற சூடு. நாடாவை மெதுவா அதுல விடணும். விட்டதும்... எப்படிச் சொல்றது... சுருக்கமெல்லாம் தானா விரியும்ணே. தூங்கி எழுந்த குழந்தை சோம்பல் முறிக்குமே, அப்படி. சன்னல் வழியா வானம் தண்ணியில விழுந்திருக்கும். அந்த வானத்து மேல இது மிதக்கும். வேற சத்தமே இருக்காது. பாத்துக்கிட்டே நிக்கலாம்.

கிளாரன்ஸ்: அதான் வீட்டுல சோறு குழையுதா...

செசிலியா: சிரிக்க மாட்டேன்னே!

கிளாரன்ஸ்: சிரிக்கலை, சொல்லு.

செசிலியா: அப்புறம் கண்ணாடித் துண்டை அடியில விட்டு ஏந்தி எடுக்கணும். சாயம் போடணும். ஒரு சாயம் நீலம், ஒரு சாயம் ரோஸ். மைக்ராஸ்கோப்புல வச்சுக் குனிஞ்சேன்னா... நான் செந்தூல்ல இல்லை, பிரிக்பீல்ட்ஸ்ல இல்லை, எங்கயும் இல்லை. பத்துமலைப் படியில ஏறி நின்னு பாத்தா தூரத்துல கித்தா காடு தெரியுமே, ரப்பர் மரம் வரிசை வரிசையா... நல்ல சதை அப்படித்தான் இருக்கும். மரமெல்லாம் அதது இடத்துல நிக்கும், நடுவுல வாய்க்கால் ஓடும். யாரோ நட்டு வச்ச மாதிரி. அதுக்குள்ளே நடந்துக்கிட்டே போலாம்ணே. சில நாள் நாகையா அண்ணன் வந்து தோளைத் தட்டி, டாக்டரம்மா, மணி ஆறு, விளக்கை அணைக்கணும்பாரு. நான் எந்தக் காலத்துல இருந்து எழுந்து வர்றேன்னு எனக்கே தெரியாது.

கிளாரன்ஸ்: கெட்ட சதை?

செசிலியா: ...வரிசை கலைஞ்சிரும். குறுக்கும் நெடுக்குமா மொளைச்சு, வேலியைத் தாண்டி, வாய்க்காலை அடைச்சு... ஆனா பொய் சொல்லக் கூடாது. அதுவும் பாக்க அழகாத்தான் இருக்கும். அதை நினைச்சாத்தான் எனக்கே பயமா இருக்கு.

கிளாரன்ஸ்: அம்மா மார்புல வந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்...

செசிலியா: யாரு பாத்தா? பச்சிலையை அரைச்சு வச்சுக் கட்டினதோட சரி.

கிளாரன்ஸ்: நான் பாத்தேன். நீ சிங்கப்பூர்ல டாக்டருக்குப் படிச்சிக்கிட்டு இருந்தே. ரெண்டு வருசம், புண்ணைக் கழுவினது நான். ராத்திரி தூக்கி உட்கார வச்சது நான். இன்னும் அந்த வாடை மூக்கை விட்டுப் போகலை, செசி. மழை பெய்ஞ்சா வரும்.

செசிலியா: தெரியும்ணே... அதுக்காகத்தான் நான் இந்தப் பயிற்சிக்கு மனு போட்டேன். பிள்ளைப்பேறு வார்டுல இருந்திருந்தா இந்நேரம் பேரும் புகழுமா இருந்திருப்பேன்.

கிளாரன்ஸ்: சரி விடு, அதைப் பேசாதே. கல்யாண வீட்டுக்காரங்க நாம.

செசிலியா: ஆமா... கல்யாண மாப்பிள்ளை! ரெண்டு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை படிச்சாச்சு. நாளைக்கு மூணாவது. போன வாரம் சாமியார் உன் பேரையும் பெர்னடெட் பேரையும் சேர்த்துப் படிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்னாரே, நீ தூணுக்குப் பின்னால போயி ஒளிஞ்சதை ஊரே பாத்துச்சு.

கிளாரன்ஸ்: ஒளியலை. வெயில் அடிச்சுது.

செசிலியா: கோயிலுக்குள்ளயா?

கிளாரன்ஸ்: ...வண்டி நிக்குது.

செசிலியா: ஏன்? ஏன் நிக்குது?

கிளாரன்ஸ்: பத்து தீகா ஸ்டேசன். சிக்னல் சிவப்பு விழுந்திருக்கு. எதிர்ல சரக்கு வண்டி வருது போல.

செசிலியா: எவ்வளவு நேரம்?

கிளாரன்ஸ்: அது வரணும், போகணும். மழை வேற கொட்டுது, கண்ணு மண்ணு தெரியலை. கால் மணி ஆகலாம், அரை மணி ஆகலாம்...

செசிலியா: அண்ணே, மணி மூணரை ஆகப் போகுது!

கிளாரன்ஸ்: நான் என்ன செய்ய? இறங்கித் தள்ளவா? இரு... ஸ்டேசன் மாஸ்டர்! தம்புசாமி அண்ணே! எவ்வளவு நேரமாகும்?

தம்புசாமி: சரக்கு வண்டி பாடாங் ஜாவாவை விட்டாச்சு, கார்டு! நிலக்கரி ஏத்திக்கிட்டு ஆமையா வருது! குடிக்கிறியா, கோப்பி சூடா இருக்கு!

கிளாரன்ஸ்: வேணாம்ணே!... கேட்டேல்ல? ஆமையாம்.

செசிலியா: அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிருவாங்கண்ணே...

கிளாரன்ஸ்: ஏய்... ஏன் அழறே? செசி. யாரோ ஒரு பொண்ணுக்காக இப்படியா? வியாதி வந்துச்சு, வெட்டறாங்க. நீயா குடுத்தே வியாதியை?

செசிலியா: நான்தான் குடுத்தேன்.

கிளாரன்ஸ்: என்ன உளர்றே?

செசிலியா: அவளுக்குப் புற்று இல்லைண்ணே.

கிளாரன்ஸ்: என்னது?

செசிலியா: கேட்குதா, மழைச் சத்தத்துல? அந்தப் பொண்ணுக்குப் புற்று இல்லை.

கிளாரன்ஸ்: திருப்பிச் சொல்லு.

செசிலியா: சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற சாதாரணக் கட்டி. கெடுதல் இல்லாதது. முதல்ல சோதிக்கிறதுக்காக அந்தக் கட்டியை மட்டும் எடுத்து அனுப்பினாங்க. அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு. இனி அவ உடம்புல ஒண்ணுமே இல்லை.

கிளாரன்ஸ்: காலையில நான் குடுத்த கவர்ல...

செசிலியா: புற்றுன்னு இருந்துச்சு. நான் எழுதினது. பெரிய டாக்டர் நேத்து ஒரு தரம் குனிஞ்சு பாத்தாரு, ஆமான்னாரு, கையெழுத்துப் போட்டாரு. நான் காட்டின கண்ணாடியிலதானே அவர் பாத்தாரு? அந்தக் கண்ணாடியே தப்பு.

கிளாரன்ஸ்: கண்ணாடி எப்படித் தப்பாகும்?

செசிலியா: ஒரு கட்டியைச் சீவி முடிச்சதும் ஒரு காகிதத் துண்டைத் தண்ணி மேல இழுக்கணும்ணே. மிச்சம் மீதி மிதக்கிறதெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும். அப்புறம்தான் அடுத்த ஆளோட கட்டியைத் தொடணும். நாகையா அண்ணன் எனக்கு முதல்ல காட்டினதே அதைத்தான். அன்னிக்கு முதல்ல சீவினது பூச்சோங் தோட்டத்து அம்மா ஒருத்தங்களோடது. அவங்களுக்கு நெசமாவே புற்று, பாவம். அடுத்தது இந்தப் பொண்ணு. நடுவுல... நான் காகிதம் இழுக்கலை.

கிளாரன்ஸ்: மறந்துட்டியா?

செசிலியா: தண்ணியைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். கனவு. அந்த அம்மாவோட துணுக்கு ஒண்ணு, கடுகுல பாதி இருக்காது, மிதந்துக்கிட்டே வந்து இந்தப் பொண்ணு கண்ணாடியில ஏறி உட்கார்ந்திருச்சு.

கிளாரன்ஸ்: இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

செசிலியா: காலையில மனசு கேட்கலை. மறுபடி அந்தக் கண்ணாடியை மைக்ராஸ்கோப்புல வச்சேன். அவ சதை தெளிவாத் தெரியறப்ப அந்த ஓரத்துத் துணுக்கு மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. திருகைக் கொஞ்சம் திருகினா அது தெளியுது, அவ சதை மங்கிடுது. ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லைண்ணே. அது அவளோடது இல்லை, அவ மேல வந்து படுத்திருக்கு. உடனே அவ கட்டியை எடுத்து மறுபடி சீவினேன். பதிமூணு கண்ணாடி. ஒவ்வொண்ணுக்கும் தண்ணியை மாத்தினேன். பதிமூணும் சுத்தம்.

கிளாரன்ஸ்: நிச்சயமா? நூத்துக்கு நூறு?

செசிலியா: மாதா மேல சத்தியமா.

கிளாரன்ஸ்: டெலிபோன் இருக்கே உங்க லேபரட்டரியில! டெலிபோன் பண்ண வேண்டியதுதானே!

செசிலியா: பண்ணினேன். அந்த வெள்ளைக்கார டாக்டரே எடுத்தாரு. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் என் மேசையில இருக்கு, பயிற்சியில இருக்கிற ஒருத்தி டெலிபோன்ல பேசறதை வச்சு நான் எப்படி நிறுத்த முடியும்னு கேட்டாரு. நியாயந்தானே? கண்ணாடியைக் கொண்டு வா, என் மைக்ராஸ்கோப்புல வச்சுக் காட்டு, அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்னாரு.

கிளாரன்ஸ்: உன் பெரிய டாக்டர்?

செசிலியா: பினாங்கு போயிருக்காரு. திங்கக்கிழமைதான் வருவாரு. தண்ணியில காகிதம் இழுக்காதது நான், நான் மட்டும்தான்னு எழுதி அவர் மேசையில வச்சுட்டேன்.

கிளாரன்ஸ்: எழுதியே வச்சுட்டியா? பைத்தியமா உனக்கு? பயிற்சி போயிடுமே!

செசிலியா: போயிடும்.

கிளாரன்ஸ்: அந்தத் தண்ணித் தட்டு வைக்கிறது நாகையாதானே? அவர் சரியா பாத்துக்கலைன்னு ஒரு வரி எழுதினா...

செசிலியா: அவருக்கு நாலு பிள்ளை இருக்குண்ணே.

கிளாரன்ஸ்: சும்மா சொன்னேன்...

செசிலியா: நீ இப்படியெல்லாம் பேசுவியா?

கிளாரன்ஸ்: பயத்துல வர்ற பேச்சு, விடு. பயம் வந்தா எனக்கு வாய்ல என்ன வருதுன்னே தெரியாது. கையும் அப்படித்தான்.

செசிலியா: போனாப் போகட்டும்னுதான் இருக்கேன். ஆனா ஒண்ணுண்ணே. நெசமாச் சொல்றேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. இனிமே யாரு என்னை அந்த மைக்ராஸ்கோப் பக்கத்துல விடுவா? அதை நினைச்சா அழுகை வருது. அவ மார்பை நினைச்சா அதைவிட வருது. அஞ்சு மணிக்குள்ளே போயிட்டா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்.

கிளாரன்ஸ்: ...தம்புசாமி அண்ணே! தம்புசாமி அண்ணே!

தம்புசாமி: என்னா கார்டு, தலை போற மாதிரி கத்தறே?

கிளாரன்ஸ்: தலைதான் போகுது! எங்கண்ணே சரக்கு வண்டி?

தம்புசாமி: அந்தா வளைவுல விளக்கு தெரியுது பாரு! இவ்வளவு நேரம் சாவகாசமா உட்கார்ந்திருந்தே, இப்ப என்ன திடீர்னு?

கிளாரன்ஸ்: உள்ள ஒரு டாக்டர் இருக்காங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்! சரக்கு தாண்டின அடுத்த நிமிசம் எனக்கு வழி குடுங்க, புண்ணியமாப் போகும்!

தம்புசாமி: குடுக்கறேன்யா, குடுக்கறேன்! டிரைவர்கிட்டயும் சொல்லி விடறேன், கொஞ்சம் வேகமா விடச் சொல்லி!

செசிலியா: நன்றிண்ணே...

கிளாரன்ஸ்: பேசாதே. இரு. இதோ... வந்துருச்சு... போகுது... எத்தனை பெட்டிடா சாமி... போயிருச்சு. பச்சை! செசி, பச்சை விழுந்துருச்சு! கெட்டியாப் பிடிச்சுக்கோ!

செசிலியா: மணி?

கிளாரன்ஸ்: மூணு அம்பது. நாலு பத்துக்குக் கிள்ளான். ஸ்டேசன்ல ரிக்ஷா பிடிச்சா பத்தே நிமிசம். போயிடலாம். நீ போயிடுவே.

செசிலியா: போயிடுவேன்ல?

கிளாரன்ஸ்: போயிடுவே. அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

செசிலியா: ...மழைகூடக் கொஞ்சம் குறையற மாதிரி இருக்கு. பாரு, தண்டவாளத்து ஓரமெல்லாம் தண்ணி தேங்கி வானம் தெரியுது. அண்ணே, நான் எப்பவும் ஆளைத் துண்டாத்தான் பாத்திருக்கேன். முகமே பாத்ததில்லை. பதிமூணு கண்ணாடியும் பாத்து முடிச்சதும் அவ முகம்தான் எனக்கு முன்னால வந்து நின்னுச்சு. சிரிச்சுக்கிட்டு.

கிளாரன்ஸ்: ம்.

செசிலியா: என்ன, அப்பவே பிடிச்சு ம் போட்டுக்கிட்டு வர்றே. தூக்கமா?

கிளாரன்ஸ்: இல்லை.

செசிலியா: என் மேல கோபமா?

கிளாரன்ஸ்: உன் மேலயா? இல்லை, செசி. உன் மேல இல்லை.

செசிலியா: அப்ப நான் ஒண்ணு சொல்லணும். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரலை. இப்ப ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சு, இப்ப சொல்லலாம். நீ பதறக் கூடாது.

கிளாரன்ஸ்: சொல்லு.

செசிலியா: பாடாங் ஜாவா வந்திருச்சு, கொடி—

கிளாரன்ஸ்: காட்டறேன், நீ சொல்லு.

செசிலியா: அந்தப் பொண்ணு யாரோ இல்லைண்ணே. புட்டியில பேரைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவங்க வீட்டுல நம்மகிட்ட மறைச்சுட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க, பாவம், கல்யாணத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவாங்க? தண்ணிக்கு முன்னால நின்னேன்னேனே, கனவு இல்லைண்ணே அது. ஜெபம் பண்ணிக்கிட்டு நின்னேன். இவளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது, என் அண்ணனுக்கு மறுபடி அந்தக் கஷ்டம் வரக் கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டு... அதுலதான் காகிதம் இழுக்க மறந்துட்டேன்.

கிளாரன்ஸ்: தெரியும்.

செசிலியா: என்ன தெரியும்?

கிளாரன்ஸ்: பெர்னடெட்னு தெரியும்.

செசிலியா: யாரு... யாரு சொன்னா உனக்கு?

கிளாரன்ஸ்: நீதான். நேத்து ராத்திரி தூக்கத்துல. குவார்ட்டர்ஸ்ல நமக்கு நடுவுல பலகைச் சுவர்தானே. பெர்னடெட், உனக்குப் புற்று, எங்க அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்னு ரெண்டு தரம் சொன்னே. மூணாவது தரம் அழுதே.

செசிலியா: ஐயோ... தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு தூரம் என்கூட விளையாடிக்கிட்டு வந்தே? கோழி, மீனு, வாழைத்தாருன்னு? அண்ணே... தெரிஞ்சும் நீ அவளை விடலையே. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும் பாரு. நான் டாக்டர்கிட்ட ஓடறேன், நீ வண்டியை ஒப்படைச்சுட்டு நேரா வார்டுக்கு வா. உன்னைப் பாத்தா அவளுக்குப் பாதி பயம் போயிடும். நாளைக்கு மூணாவது ஓலை படிக்கும்போது நான் முதல் வரிசையில உட்கார்ந்து திரும்பித் திரும்பி உன்னைப் பாப்பேன், தூணுக்குப் பின்னால எப்படி ஒளியறேன்னு... ஏண்ணே? ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே? வார்டுக்கு வருவேல்ல?

கிளாரன்ஸ்: நாளைக்கு ஓலை இல்லை, செசி. காலையில பியூன்கிட்ட கவரைக் குடுத்துட்டு நேரா கிள்ளான் சாமியார் வீட்டுக்குப் போனேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பலிபூசைக்கு வந்த அவ அப்பா அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு... ஏன் தம்பி, என் மக என்ன குத்தம் பண்ணினான்னு கேட்டாரு. அவளுக்குப் புற்றுன்னு சொன்னேன்.